ஆம்ப்ளிஃபயர் வாங்குமுன் ஸ்பீக்கரின் முதுகைப் பார்

மதுரை

அன்புள்ள யாழினிக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய மூன்று ஆம்ப்ளிஃபயர் படங்களையும் பார்த்தேன். "இதில் எது பெரியப்பா?" என்று ஒரு வரியில் கேட்டுவிட்டாய். பதில் ஒரு வரியில் அடங்காது. மூன்றும் நல்ல சாமான்தான். ஆனால் முடிவு சொல்ல வேண்டியது நீயுமில்லை, நானுமில்லை. 1988-ல் தம்பி சிங்கப்பூரிலிருந்து தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தானே இரண்டு ஸ்பீக்கர், அவைதான் சொல்ல வேண்டும்.

அதற்கு முன்னால் பழைய ஆம்ப் உண்மையிலேயே முடிந்துவிட்டதா என்று பார்த்துவிடு. வால்யூமைத் திருகினால் கரகரக்கிறது, இடப்பக்கம் வந்து வந்து போகிறது, 'ம்ம்ம்' என்று முனகல் வேறு என்கிறாய். கரகரப்பு பெரிய விஷயமே இல்லை. வால்யூம் கன்ட்ரோலுக்குள் தூசி. மெக்கானிக் கான்டாக்ட் கிளீனர் அடித்து நாலு திருகு திருகினால் போய்விடும். அடுத்த முறை இடப்பக்கம் ஊமையாகும்போது, ஆம்பை அணைத்துவிட்டு அதன் முதுகில் இரண்டு ஸ்பீக்கர் ஒயர்களையும் இடம் மாற்றி மாட்டு. ஊமை வலப்பக்க ஸ்பீக்கருக்குத் தாவினால் கோளாறு ஆம்பில் இருக்கிறது. இடப்பக்கமே இன்னும் ஊமையாக இருந்தால் ஒயரையோ ஸ்பீக்கரையோ பார்க்க வேண்டும். ஆம்ப்தான் என்று ஆகிவிட்டால், ஒரு கணம் சத்தத்தைக் கூட்டிப் பார். சட்டென்று உயிர் வந்தால் அநேகமாக ரிலேதான். சுவிட்சைப் போட்டுச் சில விநாடி கழித்து உள்ளே 'டக்' என்கிறதே, அதுதான். அதன் முனைகள் கறுத்திருக்கும். திருவான்மியூரில் உப்புக்காற்றில் குடியிருந்தால் கறுக்காமல் என்ன செய்யும்?

முனகலைத்தான் கவனமாகக் கேட்க வேண்டும். வால்யூம் பூஜ்யத்தில் இருக்கும்போதும் அதே அளவு முனகினால் பவர் சப்ளையின் பெரிய கெபாசிட்டர்கள் வற்றிவிட்டன என்று வைத்துக்கொள். வால்யூமோடு சேர்ந்து ஏறினால் ஒயரைச் சந்தேகப்படு. டர்ன்டேபிளின் எர்த் கம்பி கழன்றிருந்தாலும் இப்படித்தான் ஆகும். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் முனகினால் ஆம்பைத் திட்டாதே. சதுர அலை இன்வெர்ட்டரில் நல்ல டிரான்ஸ்ஃபார்மர்கூட ரீங்காரமிடும்.

கெபாசிட்டர் மாற்றுவது கைதேர்ந்தவனுக்குச் சாதாரண வேலை. நீயே மூடியைத் திறந்துவிடாதே. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அவை சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும். அவுட்புட் டிரான்சிஸ்டரே போய்விட்டது என்று மெக்கானிக் சொன்னால் கதை வேறு. அந்தக் காலத்து ஜப்பான் டிரான்சிஸ்டர்கள் பல இப்போது தயாரிப்பில் இல்லை. அதே நம்பரை அச்சடித்த போலிகள் சந்தையில் தாராளமாகப் புழங்குகின்றன. ரிச்சி தெருவில் நாள் முழுக்க அலைந்து ஒன்றைக் கண்டுபிடித்துப் போட்டாலும் நிம்மதியாகப் பாட்டுக் கேட்க முடியாது. அப்போது பழசுக்கு விடைகொடுத்துவிடு.

சரி, புதுசுதான் என்று வைத்துக்கொள்வோம். உன் நடுப்படத்தில் இருக்கும் ஹோம் தியேட்டர் ரிசீவரின் '150 வாட்' உன் கண்ணைப் பறித்திருக்கிறது, தெரிகிறது. தொண்ணூறுகளில் ஆறு பேட்டரியில் ஓடுகிற டேப்ரெக்கார்டருக்கு 'பி.எம்.பி.ஓ. 1000 வாட்' என்று அட்டைப்பெட்டியில் போட்டு விற்றார்கள்! இப்போது அவ்வளவு பச்சையாகப் புளுகுவதில்லை, எழுத்தைப் பொடியாக்கிவிட்டார்கள். பொடி எழுத்தைப் படித்தால், அந்த 150 வாட் 6 ஓமில், ஒரே ஒரு சானலை மட்டும் ஓட்டி, 10 சதவீதச் சிதைவு வரை முறுக்கி எடுத்த கணக்கு. நீ கேட்க வேண்டியது ஒன்றுதான்: 8 ஓமில், இரண்டு சானலும் ஒருசேர ஓடும்போது, 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, ஆர்.எம்.எஸ். எத்தனை வாட்? இதற்கு நேராகப் பதில் சொல்லும் 50 வாட் ஆம்ப், சுற்றி வளைக்கும் 150 வாட்டைவிட மேல்.

இனி ஸ்பீக்கரைத் திருப்பி அதன் முதுகைப் பார். 8 ஓம், 86 டெசிபல் என்பதாக எனக்கு நினைவு. 86 என்றால், ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி 86 டெசிபல் சத்தம் வரும் என்று பொருள். உங்கள் கூடத்தில் சோபாவில் உட்கார்ந்து பேச்சு கேட்கிற அளவில் பாட்டு வைத்தால் ஆம்ப் ஒரு வாட்டுக்கும் குறைவாகத்தான் தருகிறது. மீதி வாட்டெல்லாம் மிருதங்கத்தில் தொப்பி அதிரும் அந்த ஒரு கணத்துக்கு. அந்தக் கணம் சராசரியைவிட 20 டெசிபல் எகிறினால் நூறு மடங்கு வாட் வேண்டும். அரை வாட்டில் ஓடிக்கொண்டிருந்த ஆம்ப் 50 வாட்டுக்குத் தாவ வேண்டும். அதனால்தான் 50 என்கிறேன்.

100 வாட் வாங்கினால்? இரட்டிப்புச் சத்தம் வராது. வாட் இரட்டித்தால் 3 டெசிபல்தான் கூடும். கொஞ்சம் கூடியிருக்கிறதோ என்று தோன்றும், அவ்வளவுதான். காதுக்கு இரண்டு மடங்காகத் தெரிய வேண்டுமானால் பத்து மடங்கு வாட் வேண்டும். 1978-ல் வந்து உலகமெங்கும் பெயர் வாங்கிய என்.ஏ.டி. 3020 வெறும் 20 வாட் ஆம்ப், தெரியுமா? மறுபக்கமும் உண்டு: சின்ன ஆம்பை மூச்சுத் திணறத் திணற முடுக்கினால் அலையின் தலை வெட்டுப்பட்டு, முதலில் ட்வீட்டர் கருகும். முதுகில் 4 ஓம் என்று இருந்துவிட்டால் எனக்கு உடனே சொல். கரண்டை இரட்டிப்பாக இழுக்கும் ஸ்பீக்கருக்கு வேறு ஆம்ப் பார்க்க வேண்டும்.

முன்பக்கத் துணியைக் கழற்றி, கூம்பின் விளிம்பை விரல் நுனியால் மெல்லத் தொடு. ரப்பராக இருந்தால் நல்லது. நுரையாக இருந்து பொடிப்பொடியாக உதிர்ந்தால் ஆம்ப் வாங்கும் பேச்சையே நிறுத்து. பணம் முதலில் அந்த விளிம்புக்குப் போகட்டும்; எத்தனை லட்சத்து ஆம்பும் கிழிந்த கூம்பைப் பாட வைக்காது.

அப்பாவின் எக்கோ ரெக்கார்டுகளை மறந்துவிடாதே. டர்ன்டேபிளின் கார்ட்ரிட்ஜிலிருந்து வருவது ஏறத்தாழ 5 மில்லிவோல்ட். சி.டி. பிளேயர் தருவது 2 வோல்ட், அதாவது நானூறு மடங்கு. போதாக்குறைக்கு, ரெக்கார்டு வெட்டும்போதே பேஸைக் குறைத்து ட்ரெபிளை ஏற்றியிருப்பார்கள். அதைத் தலைகீழாக்கிச் சரிசெய்ய ஃபோனோ ஸ்டேஜ் வேண்டும். புது ஆம்ப்கள் பலவற்றில் அது கிடையாது. உன் மூன்றாவது படத்தில் இருக்கும் அழகுச் சிங்காரத்தில் நிச்சயமாக இல்லை. பின்பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன்.

கடைக்குப் போகும்போது உனக்கு மனப்பாடமான ஒரு சி.டி.யை எடுத்துப் போ. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' இருக்கிறதல்லவா, அது போதும். வயலின் கூட்டமாக எழும் இடத்தில் ஆம்பின் குணம் தெரிந்துவிடும். ஒப்பிடுகிற இரண்டு ஆம்பையும் ஒரே சத்தத்தில் வைக்கச் சொல். ஒரு டெசிபல் கூட வைத்தாலே 'இது தெளிவாக இருக்கிறதே' என்று காது ஏமாறும். விற்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். செல்போனில் சத்தம் அளக்கும் ஆப் ஒன்றை ஏற்றிக்கொண்டு போ. துல்லியம் போதாது, ஆனால் இரண்டையும் ஒப்பிடப் போதும்.

என்னைக் கேட்டால், விளிம்பு நன்றாக இருந்து முதுகில் 8 ஓம் என்றும் இருந்தால், முதல் படத்தில் இருக்கும் 50 வாட் ஸ்டீரியோ ஆம்ப். ப்ளூடூத் இல்லையே என்று முகம் சுளிக்காதே. அதற்குத் தனியாக ஒரு சின்ன ரிசீவர் வாங்கிப் பின்னால் செருகிக்கொள்ளலாம்.

அம்மாவையும் அப்பாவையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
பெரியப்பா

பி.கு.: ஜப்பானிலிருந்து வந்த செகண்ட் ஹேண்ட் ஆம்ப் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது ஆசை காட்டினால், பின்னால் எத்தனை வோல்ட் என்று பார். அங்கே 100 வோல்ட், நம் வீட்டில் 230. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் பிளக்கைச் செருகிவிடாதே.