அகார்ட் 25: தொழிலாளர் இழப்பீட்டுக் கட்டம்

அமெரிக்காவில் சின்ன ஒப்பந்த வேலைக்குப் போனாலும் அகார்ட் 25 என்ற காப்பீட்டுச் சான்றிதழைக் கேட்பார்கள். ஏஜென்ட்தான் நிரப்பித் தருவார். ஆனாலும் அனுப்புமுன் தொழிலாளர் இழப்பீட்டுக் கட்டத்தை நீங்களே ஒருமுறை பாருங்கள்.

அதிகம் சறுக்குவது தொகைகளில்தான். பாலிசியில் விபத்து, நோய்க்கான மொத்த வரம்பு, நோய்க்கு ஆளுக்கு எவ்வளவு என்ற வரிசை. சான்றிதழிலோ கடைசி இரண்டும் இடம் மாறியிருக்கும். பாலிசியில் 1,00,000 / 5,00,000 / 1,00,000 டாலர் என்றால், சான்றிதழில் 1,00,000 / 1,00,000 / 5,00,000 என்று வர வேண்டும். பார்த்து அப்படியே எழுதினால் தப்பு.

உரிமையாளரோ பங்குதாரரோ காப்பீட்டிலிருந்து விலக்கப்பட்டிருக்கிறாரா என்று ஒரு சிறு பெட்டி கேட்கும். ஆம் என்றால் ‘ஒய்’ போட்டு, விவரத்தைக் கீழே உள்ள விளக்கப் பகுதியில் எழுத வேண்டும். பலர் வெறுமையாக விட்டுவிடுவது இதைத்தான்.

தேதியில் மாதம் முதலில்: 04/07 என்றால் ஏப்ரல் 7. நம் பழக்கத்தில் ஜூலை என்று படித்துவிடாதீர்கள்.

ஒஹாயோ, வாஷிங்டன், வடக்கு டகோட்டா, வயோமிங் மாநிலங்களில் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீட்டைத் தனியார் நிறுவனங்கள் விற்பதில்லை. மாநில நிதியத்திடம்தான் வாங்க வேண்டும்.