சவர்க்காரப் படலமும் மேற்பரப்பிழுவிசையும்

மாணவர்களே, இவ்வலகில் மனனம் செய்ய வேண்டிய சூத்திரங்கள் குறைவு. இருந்தும் புள்ளிகள் கைநழுவுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். எத்தனை மேற்பரப்புகள் என்று எண்ணிப் பார்க்காமல் கணிக்கத் தொடங்கிவிடுகிறீர்கள்.

திரவ மேற்பரப்பில் வரையப்படும் கற்பனைக் கோடொன்றின் ஓரலகு நீளத்தில், கோட்டுக்குச் செங்குத்தாக மேற்பரப்பின் வழியே தொழிற்படும் விசையே மேற்பரப்பிழுவிசை எனப்படும்.

ஆய்வுகூடம் இல்லையே என்று இருக்க வேண்டாம். இரத்தோட்டையானாலும் உக்குவளையானாலும் முற்றத்தில் ஈர்க்கு கிடைக்கும். ஈர்க்கொன்றை வளையமாகக் கட்டி, நடுவில் சிறு தடம் போட்ட நூலை அதன் குறுக்கே தளர்வாகக் கட்டுங்கள். சவர்க்கார நீரில் தோய்த்தெடுத்தால் தடம் படலத்தில் கோணல்மாணலாகக் கிடக்கும். தடத்தின் உள்ளேயுள்ள படலத்தை மட்டும் உலர்ந்த ஈர்க்கு நுனியால் உடையுங்கள். நூல் சட்டென வட்டமாகிவிடும். வெளிப்படலம் எல்லாப் பக்கமும் சமமாக இழுப்பதே காரணம். (ஜேர்மனியின் ஆக்னஸ் பொக்கெல்ஸ் பல்கலைக்கழகம் செல்லாதவர். சமையலறையில் தகரத் தொட்டி, தராசு, பொத்தான் ஆகியவற்றைக் கொண்டே நீர்ப்பரப்பை ஆராய்ந்தார். றேலி பிரபுவுக்கு அவர் எழுதிய கடிதம் 1891 இல் 'நேச்சர்' சஞ்சிகையில் வெளிவந்தது.)

இனிக் கணிப்பு. நிலைக்குத்தான கம்பிச் சட்டமொன்றில் 5 சென்ரிமீற்றர் நீளமான வழுக்கும் கம்பியைச் சவர்க்காரப் படலம் தாங்குகிறது. மேற்பரப்பிழுவிசை மீற்றருக்கு 0.025 நியூற்றன். படலத்துக்கு முன்புறம், பின்புறம் என இரு மேற்பரப்புகள் உண்டு. எனவே,
விசை = 2 × 0.025 × 0.05 = 0.0025 நியூற்றன்.
ஈர்ப்பு ஆர்முடுகலை 10 எனக் கொண்டால் கம்பியின் திணிவு 0.25 கிராம். 2 ஐ மறந்தவருக்குப் பாதிதான் வரும்.

குமிழியிலும் இதே கதைதான். அதனை இரு பாதிகளாக வெட்டியதாகக் கருதுக. வெட்டுமுகத்தில் மிகையமுக்கம் வெளியே தள்ளுகிறது. விளிம்பிலோ உள், வெளி என இரு வட்டங்கள் உள்ளே இழுக்கின்றன. ஆகவே,
மிகையமுக்கம் = 4 × மேற்பரப்பிழுவிசை ÷ ஆரை.
1 சென்ரிமீற்றர் ஆரைக்கு 10 பஸ்கால். சவர்க்கார நீருக்குள்ளேயே இருக்கும் அதே அளவான வளிக்குமிழிக்கு மேற்பரப்பு ஒன்றே; அங்கு 5 பஸ்கால்தான்.

சவர்க்காரம் மேற்பரப்பிழுவிசையைக் கூட்டுகிறது என்று எழுதிவிடாதீர்கள். 20 பாகை செல்சியசில் தூய நீருக்கு அது ஏறத்தாழ 0.073. சவர்க்காரம் அதனைக் குறைக்கிறது. அப்படியானால் படலம் ஏன் நிலைக்கிறது? படலம் ஓரிடத்தில் நீட்சியடைந்து மெலிந்தால் அங்கு மேற்பரப்பில் சவர்க்காரம் ஐதாகி, இழுவிசை சற்றுக் கூடும். அது சுற்றியுள்ள திரவத்தைத் தன்பக்கம் இழுத்து மெலிந்த இடத்தை நிரப்பும். தூய நீரில் இந்தச் சீராக்கம் இல்லை.

பயிற்சி: 1 சென்ரிமீற்றர், 2 சென்ரிமீற்றர் ஆரைகளுடைய இரு சவர்க்காரக் குமிழிகள் குழாயொன்றின் இரு முனைகளிலும் உள்ளன. இடையிலுள்ள வால்வைத் திறந்தால் எது சுருங்கும்?
விடை: சிறியது. அதனுள் மிகையமுக்கம் 10 பஸ்கால், பெரியதில் 5.