நகரும் வளைவுகள்: சார்புகளின் வரைபடங்களுக்கு உயிரூட்டுவோம்

தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் பின்னம், சுற்றளவு, கொள்ளளவு என்று படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போனவர்கள் நம் பேரவையில் அதிகம். நானும் அவர்களில் ஒருத்திதான். அங்கே அதே கணிதம் 'பெக்காலி', 'பெமாலார்', 'ஃபுங்சி' என்று மலாய் உடுத்தி வந்தது. பல்கலைக்கழகத்திற்கு வந்ததும் ஆங்கில உடைக்கு மாறிக்கொண்டது. மூன்று மொழிகளில் பெயர் தெரிந்தும் பொருள் மட்டும் மங்கலாகவே இருந்த ஒரு சொல்லைப் பற்றியும், அதைக் கண்ணால் பார்க்க வைக்கும் ஒரு வழியைப் பற்றியும் இங்கே எழுதுகிறேன். கலைப்புல நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நான்காம் படிவக் கணக்கைத் தாண்டி எதுவும் வராது.

முதலில் 'சார்பு'. ஆங்கிலத்தில் 'ஃபங்ஷன்' என்பதற்கு நம் சொல் இது. எனக்குப் பிடித்த கலைச்சொற்களில் ஒன்று. ஒன்றின் மதிப்பு மற்றொன்றைச் சார்ந்திருக்கிறது என்ற செய்தி சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. 'ஃபுங்சி' என்பதில் அது எனக்குக் கிடைக்கவில்லை.

அடுத்து 'பாராமீட்டர்'. இதை 'அளவுரு' என்பார்கள். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 'துணையலகு' என்றும் காணலாம். நாம் எல்லாரும் மனப்பாடம் செய்த இருபடிச் சார்பை எடுத்துக்கொள்வோம்:

ஒய் = ஏ·எக்ஸ்² + பி·எக்ஸ் + சி

ஒரு வரைபடம் வரையும்போது எக்ஸ் இடமிருந்து வலமாக ஓடுகிறது. ஏ, பி, சி மூன்றும் அசையாமல் நிற்கின்றன. ஆனால் அடுத்த வரைபடத்திற்கு அவற்றை மாற்றிக்கொள்ளலாம். வானொலியில் ஒரு பாட்டு ஓடுகிறது. ஓடும் நேரம்தான் எக்ஸ். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகுதான் அளவுரு. திருகைத் திருப்பினால் பாட்டு மாறாது, முழுப் பாட்டும் கேட்கும் விதம் மாறும். அப்படித்தான் ஏ, பி, சி ஆகியவற்றில் ஒன்றை மாற்றினால் வளைவின் ஒரு புள்ளி அன்று, முழு வளைவுமே மாறுகிறது.

தாளில் இதைக் காட்டுவது கடினம். ஆசிரியர் வெண்பலகையில் மூன்று வளைவுகள் வரைவார், அம்புக்குறி போடுவார். இடையில் என்ன நடந்தது என்பதை மாணவர் கற்பனை செய்துகொள்ள வேண்டும். கணினி இந்த இடைவெளியை நிரப்புகிறது. அளவுருவைச் சிறிது சிறிதாக மாற்றி, ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு படம் வரைந்து, விரைவாக அடுத்தடுத்துக் காட்டினால் வளைவு நகர்கிறது. திரைப்படம் ஓடுவதும் இப்படித்தானே!

இதற்கு எளிய மென்பொருள் ஜியோஜீப்ரா. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்குஸ் ஹோஹென்வார்ட்டர் என்பவர் 2001-இல் தம் முதுகலை ஆய்வுக்காகத் தொடங்கியது. மாணவர்கள் இலவசமாகப் பயன்படுத்தலாம், திறன்பேசியிலும் ஓடும். மேலே உள்ள சமன்பாட்டை ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்தால், ஏ, பி, சி மூன்றுக்கும் ஒவ்வொரு நகர்த்துகோலை அதுவே உருவாக்கிக் கொடுக்கும். நகர்த்துகோலின் மேல் வலப்பக்கச் சொடுக்குச் செய்து 'அனிமேஷன்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் தானாகவே ஓடத் தொடங்கும். அவ்வளவுதான் வேலை. இனிப் பார்ப்பதுதான் பாடம்.

சி-யை நகர்த்துங்கள். வளைவு மின்தூக்கி போல நேராக மேலே போகும், கீழே வரும். இதில் வியப்பு ஒன்றுமில்லை.

இப்போது ஏ-யை 1 என்றும் சி-யை 2 என்றும் நிறுத்திவிட்டு, பி-யை மட்டும் நகர்த்துங்கள். இந்த இடத்தில்தான் பலரும் தடுமாறுவார்கள். பேரவை நண்பர்கள் சிலரும் நானும் சனிக்கிழமைகளில் நான்காம், ஐந்தாம் படிவ மாணவர்களுக்குக் கூடுதல் கணிதம் சொல்லிக்கொடுக்கிறோம். தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தவர்களே மிகுதி. அவர்களில் ஒரு மாணவி அந்தப் பாடத்தையே விட்டுவிடலாம் என்ற முடிவோடு வந்தாள். "ஏ மாறுனா விரியும் சுருங்கும், சி மாறுனா ஏறும் இறங்கும். பி மாறுனா எங்கக்கா போகுது? மனசுல நிக்கவே மாட்டேங்குது" என்றாள். மனத்தில் நிற்காதது அவள் குறையன்று. பி மாறினால் வடிவம் மாறாது, இடம் மாறும் என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு யாரால் எதை நினைவில் நிறுத்த முடியும்? எந்த இடத்திற்கு, எந்த வழியாக என்று சொன்னால்தானே நிற்கும்.

மடிக்கணினியில் பி-யை ஓடவிட்டோம். பி 0 ஆக இருக்கும்போது பரவளையத்தின் முனை (0, 2) என்ற புள்ளியில் இருக்கிறது. பி 2 ஆனதும் (−1, 1). பி 4 ஆனதும் (−2, −2). பி −2 என்றால் (1, 1). −4 என்றால் (2, −2). முனை இடப்பக்கம் போனாலும் இறங்குகிறது, வலப்பக்கம் போனாலும் இறங்குகிறது. ஊஞ்சல் தலைகீழாக ஆடுவது போல இருக்கிறது. முனையை ஒரு புள்ளியாகக் குறித்து, அது போகும் தடத்தை விட்டுச் செல்லும்படி ஜியோஜீப்ராவில் அமைக்கலாம். அமைத்துப் பார்த்தால் திரையில் கவிழ்த்து வைத்த இன்னொரு பரவளையம் தோன்றுகிறது! ஏற்கனவே இருப்பதன் அதே அளவு, தலைகீழ்.

ஏன்? முனையின் எக்ஸ் மதிப்பு −பி/2ஏ, ஒய் மதிப்பு சி − பி²/4ஏ என்பது நமக்குத் தெரியும். முதலாவதிலிருந்து பி = −2ஏ·எக்ஸ். இதை இரண்டாவதில் இட்டால் பி மறைந்துவிடும்:

ஒய் = சி − ஏ·எக்ஸ்²

நம் எடுத்துக்காட்டில் ஒய் = 2 − எக்ஸ்². மேலே சொன்ன ஐந்து புள்ளிகளையும் இதில் இட்டுச் சரிபாருங்கள். அந்த மாணவி இந்த இரண்டு வரிகளையும் தானே எழுதினாள். நான் சொன்னது 'பி-யை ஒழித்துக்கட்டு' என்பது மட்டும். எழுதி முடித்துவிட்டு, "அப்போ ஏ-யை நகர்த்துனா முனை எங்க போகும்?" என்று கேட்டாள். அவள் வகுப்பில் அதுவரை கேட்டதெல்லாம் "இது தேர்வுக்கு வருமா?" என்ற கேள்விதான்.

நல்ல கேள்வி அது. பி, சி இரண்டையும் 2 என்று நிறுத்தி ஏ-யை ஓடவிடுவோம். ஏ 1 ஆகும்போது முனை (−1, 1). ஏ 0.5 ஆனால் (−2, 0). 0.1 ஆனால் (−10, −8): திரையை விட்டே இடப்பக்கக் கீழ் மூலையில் ஓடிவிட்டது. வளைவு விரிந்து விரிந்து, ஏ சரியாக 0 ஆகும் கணத்தில் ஒய் = 2எக்ஸ் + 2 என்ற நேர்க்கோடாக நிற்கிறது. அடுத்த நொடி ஏ −0.1. முனை (10, 12) என்ற இடத்தில், மேல் வலப்பக்கத்திலிருந்து வருகிறது, வளைவு கவிழ்ந்திருக்கிறது. போன வழியும் வந்த வழியும் ஒரே நேர்க்கோடு: ஒய் = (பி/2)·எக்ஸ் + சி. இங்கே ஒய் = எக்ஸ் + 2. இத்தனை கலவரத்திலும் (0, 2) என்ற ஒரு புள்ளி மட்டும் அசையவே இல்லை. எல்லா வளைவுகளும் அந்தப் புள்ளியை 2 என்ற ஒரே சாய்வில் கடக்கின்றன. பி என்பது அந்தச் சாய்வுதான். நான்காம் படிவத்தில் யாராவது எனக்கு இதைச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பொறியியல், அறிவியல் மாணவர்களுக்கு ஜியோஜீப்ரா போதாமல் போகலாம். பைத்தான் மொழியில் மேட்பிளாட்லிப் என்ற நூலகம் உண்டு. நரம்பியல் ஆய்வாளரான ஜான் ஹன்டர் தொடங்கியது, 2003-இல் வெளிவந்தது. அதில் 'ஃபங்க்அனிமேஷன்' என்ற வசதி இருக்கிறது. சட்டக எண்ணைப் பெற்று அதற்குரிய வளைவை வரையும் ஒரு சிறு செயல்கூற்றை நாம் எழுத வேண்டும். மீதியை அது பார்த்துக்கொள்ளும். ஒரு சட்டகத்திற்கு 50 மில்லிநொடி என்றால் நொடிக்கு 20 படங்கள். ஏ-யை −5 முதல் 5 வரை 0.1 வீதம் நகர்த்த 101 சட்டகங்கள், ஏறக்குறைய ஐந்து நொடி. ஏ-யுடன் ஒவ்வொரு முறையும் 0.1 கூட்டிக்கொண்டே போகாதீர்கள். கணினிக்கு 0.1-ஐத் துல்லியமாகச் சேமிக்க முடியாது. பிழை சேர்ந்து, நடுவில் 0 வர வேண்டிய இடத்தில் மிக நுண்ணிய வேறோர் எண் வரும். சட்டக எண்ணிலிருந்து 50-ஐக் கழித்து 10-ஆல் வகுத்தால் 0 சரியாகக் கிடைக்கும்.

இதைவிடப் பெரிய வம்பு அச்சுகளில் இருக்கிறது. ஒவ்வொரு சட்டகத்திலும் பழைய படத்தை அழித்துப் புதிதாக வரைந்தால், மென்பொருள் நமக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டு ஒய் அச்சின் அளவைத் தானே மாற்றிக்கொள்ளும். ஒய் = ஏ·எக்ஸ்² என்பதில் ஏ 1-லிருந்து 5 வரை போகட்டும். வளைவு அசையாமல் அப்படியே நிற்கும். பக்கத்தில் உள்ள எண்கள் மட்டும் ஓடும். பார்ப்பவர் ஏ-யால் எந்த மாற்றமும் இல்லை என்றே நினைப்பார். எக்ஸெல்லில் செய்தாலும் இதே கதைதான். ஆகவே அச்சுகளின் எல்லைகளை முதலிலேயே கட்டிப்போட்டுவிடுங்கள்.

கணினி வளைவை வரைவதில்லை, புள்ளிகளை இணைக்கிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஒய் = சைன்(கே·பை·எக்ஸ்) என்ற அலையை எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ் 0 முதல் 10 வரை, 0.1 இடைவெளியில் 101 புள்ளிகள். கே-யைக் கூட்டக் கூட்ட அலைகள் நெருங்குகின்றன. கே 10 ஆனதும் திடீரென்று அலையே இல்லை, தட்டையான கோடு! எடுத்த 101 புள்ளிகளும் அலை சுழியைக் கடக்கும் இடங்களிலேயே விழுந்துவிட்டன. அதற்கு மேலும் கே-யைக் கூட்டினால், நெருங்க வேண்டிய அலைகள் விலகத் தொடங்குகின்றன. கே 19 ஆகும்போது திரையில் தெரிவது சைன்(பை·எக்ஸ்) தலைகீழாக, அமைதியாக ஆடும் அலை. உண்மையான அலை அதைவிடப் பத்தொன்பது மடங்கு விரைவானது. திரைப்படங்களில் ஓடும் வண்டியின் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதாகத் தெரிவதும் இதே காரணத்தால்தான். மருந்து என்னவென்றால் புள்ளிகளைக் கூட்டுவதுதான். 101-க்குப் பதில் 2001 வைத்துப் பாருங்கள், கே 19-இன் உண்மை முகம் தெரியும். சந்தேகம் வந்தால் புள்ளிகளின் எண்ணிக்கையை மாற்றிப் பாருங்கள். படமும் சேர்ந்து மாறினால், அதை நம்ப வேண்டாம்.

கடைசியாக, எங்கள் சனிக்கிழமை வகுப்பில் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கணக்கை உங்களுக்கும் தருகிறேன். ஒய் = எக்ஸ்³ + பி·எக்ஸ். பி-யை 3-லிருந்து −3 வரை மெதுவாக ஓடவிடுங்கள். முதல் பாதியில் வளைவில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. பி சுழியைத் தாண்டியதும் இடப்பக்கம் ஒரு மேடும் வலப்பக்கம் ஒரு பள்ளமும் பிறந்து, ஒன்றை ஒன்று விட்டு விலகிப் போகின்றன. அவை இரண்டும் போகும் தடம் ஒரே சமன்பாடு. முதலில் தடத்தைத் திரையில் பார்த்துவிட்டு, பிறகு பி-யை ஒழித்துக்கட்டி அந்தச் சமன்பாட்டை எழுதுங்கள். விடையில் −2 என்ற எண் வர வேண்டும்.