ஆங்கிலம் அறிவோம்: ‘வெரி’யா, ‘டூ’வா?

 

மிகுதியைச் சொல்ல சால, உறு, தவ, நனி, கூர், கழி என்று ஆறு உரிச்சொற்களைத் தமிழ் இலக்கணத்தில் படிக்கிறோம். ஆனா பேச்சுல எல்லாத்துக்கும் ‘ரொம்ப’ ஒண்ணே போதும். ஆங்கிலத்தில் அப்படி முடியாது. இடத்துக்கு ஒரு சொல்.

1. வெரி: வெறும் மிகுதி. ‘தி டீ இஸ் வெரி ஹாட்’ என்றால் டீ ரொம்பச் சூடு. ஆனாலும் ஊதி ஊதிக் குடிச்சிடலாம்.

2. டூ: எழுத்து டி, ஓ, ஓ. அளவுக்கு மீறியது. ‘தி டீ இஸ் டூ ஹாட் டு டிரிங்க்’ என்றால் குடிக்கவே முடியாது. ‘நாட்’ இல்லாமலே ‘முடியாது’ உள்ளே ஒளிந்திருக்கிறது. அதனால்தான் மாற்றி எழுதும்போது ‘ஸோ ஹாட் தட் ஐ கேனாட் டிரிங்க் இட்’ என்று ‘கேனாட்’ வருகிறது. கடைசி ‘இட்’டை விட்டுடாதீங்க!

3. எனஃப்: போதுமான அளவு. அட்ஜெக்டிவுக்குப் பின்னால் வரும். ‘டால் எனஃப்’ சரி, ‘எனஃப் டால்’ தவறு. பெயர்ச்சொல் என்றால் முன்னால் வரும்: ‘எனஃப் வாட்டர்’.

4. மச்: ஒப்பிடும்போது வரும். ‘மச் பெட்டர்’ சரி, ‘வெரி பெட்டர்’ தவறு.

ஒரு சொல்தானே, மாத்திப் போட்டா என்ன என்று நினைக்கலாம். இதைப் பாருங்கள். ‘ஷி இஸ் வெரி யங்’ என்றால் அவள் ரொம்பச் சின்னப் பெண். “அதனால என்ன, நல்ல இடம், முடிச்சிடலாம்” என்று கல்யாணப் பேச்சு மேலே நடக்கும். ‘ஷி இஸ் டூ யங் டு மேரி’ என்றால் இந்த வயதில் கல்யாணம் கூடாது. பேச்சு அதோடு முடிந்தது. 18 வயது ஆகாத பெண்ணுக்கு 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் சொல்வதும் இதுதான். மீறி நடந்தால் 1098க்கு போன் செய்யலாம். இந்த வாக்கியத்தை என் ஆங்கில நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். நீங்களும் எழுதிக்கோங்க.

கோடிட்ட இடத்தை நிரப்புக:
அ. திஸ் பேக் இஸ் ____ ஹெவி டு லிஃப்ட்.
ஆ. ஷி இஸ் ஓல்ட் ____ டு வோட்.
இ. யுவர் ஹேண்ட்ரைட்டிங் இஸ் ____ பெட்டர் நவ்.

விடை: அ. டூ, ஆ. எனஃப், இ. மச்.

(பார்க்காம எழுதினவங்களுக்கு ‘வெரி குட்’!)

– 9ஆம் வகுப்பு மாணவி