தாத்தாவின் மடிக்கணினி

2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் தேதி, விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு முடிந்தது. பழைய மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 11ஐ நிறுவ முடியாது. அதற்காகச் சிம் லிம் ஸ்குவேருக்குச் சென்று புதிய கணினி வாங்கத்தான் வேண்டுமா? லினக்ஸ் இருக்கிறதே!

1991இல் ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது லினக்ஸ். அது கட்டற்ற மென்பொருள். அதாவது, யாரும் அதை நகலெடுக்கலாம், மாற்றியமைக்கலாம், பிறருக்கும் கொடுக்கலாம். அதனால் டெபியன், உபுண்டு, மின்ட் எனப் பல வகைகள் தோன்றின. இந்தியாவின் சி-டாக் நிறுவனமும் 'பாஸ்' என்னும் லினக்ஸை உருவாக்கியுள்ளது.

இவற்றுள் எதைப் பரிந்துரைப்பது? கணினி ஆர்வலர் பலர் தமக்குப் பிடித்ததையே சொல்வர். (மாணவர்களும் அப்படித்தான்!) ஆனால், பயன்படுத்தப்போகிறவர் யார் என்று முதலில் கேட்க வேண்டும்.

லிட்டில் இந்தியாவில் வசிக்கும் ஒரு தாத்தாவை எண்ணிப் பாருங்கள். அவர் இணையத்தில் தமிழ் முரசு படிப்பார். பேரனுக்குத் தமிழில் மின்னஞ்சல் எழுதுவார். அவருடைய கணினியில் 4 ஜிபி நினைவகமே உள்ளது. அவருக்கு லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு பொருந்தும். அது குறைந்த நினைவகத்திலும் இயங்கும். தொடக்கப் பொத்தான், அவர் பழகிய இடது மூலையிலேயே இருக்கும். தமிழ்99 விசைப்பலகையையும் சேர்த்துக்கொள்ளலாம்.

உடனே நிறுவிவிடாதீர்கள். தம்ப் டிரைவிலிருந்து அதை இயக்கிப் பாருங்கள். வைஃபை, ஒலி, அச்சுப்பொறி ஆகியவை வேலை செய்கின்றனவா? அந்தக் கணினியில் மறைந்த பாட்டியின் படங்கள் இருக்கலாம். நிறுவும்போது வன்தட்டு அழிக்கப்பட்டால் அவையும் போய்விடும். அவற்றை முதலில் வேறிடத்தில் நகலெடுத்து வையுங்கள். பிறகு, தாத்தாவையே அமரவைத்துப் பேரனுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதச் சொல்லுங்கள்.