பழைய மேப்பில் நம்ம ஊர்: கூகுள் எர்த்தில் ஒரு செய்முறைப் பாடம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் பெற்றவுடன் கூகுள் எர்த் புரோகிராமில் நாம் முதலில் தேடுவது நம் வீட்டுக் கூரையைத்தான். அது தெரிந்ததும் வீட்டில் உள்ள எல்லோரையும் அழைத்துக் காட்டுவோம். அதற்குப் பிறகு அந்தப் புரோகிராமைத் திறப்பதே இல்லை.

அதே புரோகிராமில், இன்றைய சாட்டிலைட் படத்தின் மேல் எழுபது ஆண்டு பழைய மேப்பை ஒரு கண்ணாடித் தாள் போல விரிக்கலாம். எந்தக் கண்மாய் எங்கே இருந்தது, எந்த ஓடை எந்த வழியாக வந்தது, எந்தப் பாதை மறைந்து போனது என்பதையெல்லாம் வீட்டில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். செலவு எதுவும் இல்லை. புதுக்கோட்டை மாவட்டத்தை உதாரணமாக வைத்து இதைப் படிப்படியாகச் சொல்கிறேன். நான் செய்த ஒரு தவறையும் சேர்த்துச் சொல்கிறேன். அந்தத் தவறுதான் இந்தப் பாடத்தின் முக்கியமான பகுதி.

மேப் எங்கே கிடைக்கும்?

அமெரிக்க ராணுவத்தின் மேப் பிரிவு 1950-களில் இந்தியா, பாகிஸ்தான் முழுவதற்கும் ஒரு வரிசை வரைபடங்களை வெளியிட்டது. இதற்கு 'யூ502' என்று பெயர். நம் நாட்டின் சர்வே ஆப் இந்தியா முன்பே வரைந்திருந்த மேப்புகள்தான் இதற்குப் பெரும்பாலும் அடிப்படை. அமெரிக்காவில் ஆஸ்டின் நகரில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகம் இவற்றை ஸ்கேன் செய்து, யாரும் டவுன்லோட் செய்யும்படி தன் இணைய தளத்தில் வைத்துள்ளது. கூகுளில் 'ஆர்மி மேப் சர்வீஸ் இந்தியா யூ502' என்று ஆங்கிலத்தில் டைப் செய்து தேடுங்கள். நூலகத்தின் பெயர் 'பெர்ரி காஸ்டனெடா' என்று இருக்கும்.

அந்தப் பக்கத்தில் இந்தியா முழுவதையும் கட்டங்களாகப் பிரித்த ஓர் அட்டவணைப் படம் கிடைக்கும். ஒவ்வொரு கட்டமும் ஒரு ஷீட். நமக்கு வேண்டியது என்.சி. 44-5. இது வட அட்சரேகை 10 முதல் 11 டிகிரி வரையும், கிழக்குத் தீர்க்கரேகை 78 முதல் 79.5 டிகிரி வரையும் உள்ள பகுதி. திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, அறந்தாங்கி, காரைக்குடி எல்லாம் இதற்குள் அடங்கும். மீமிசல் பக்கத்து வாசகர்கள் இதற்குக் கீழே உள்ள ஷீட்டை எடுக்க வேண்டும்.

படத்தின் மேல் மவுஸின் வலது பட்டனை அழுத்தி, 'சேவ் இமேஜ் ஆஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்து, தனி போல்டர் ஒன்றில் சேமித்துக் கொள்ளுங்கள். பைல் பெரிதாக இருக்கும். முழுவதும் இறங்கும் வரை பொறுமை தேவை.

முதலில் மேப்பின் வயதைக் கண்டுபிடியுங்கள்

மேப்பில் அச்சிட்டிருக்கும் ஆண்டும், அதில் உள்ள தகவலின் ஆண்டும் ஒன்றல்ல. 1955-ல் அச்சான ஷீட்டில் அதற்குப் பல ஆண்டுகள் முன்பு அளந்த தகவல் இருக்கலாம். ஷீட்டின் கீழ் ஓரத்தில் எந்தெந்த மேப்பிலிருந்து தொகுத்தார்கள் என்ற குறிப்பு இருக்கும். பெரிதாக்கிப் படியுங்கள்.

நாமே ஒரு சோதனையும் செய்யலாம். திருச்சியிலிருந்து புதுக்கோட்டை வழியாக மானாமதுரை செல்லும் ரயில் பாதை 1929-30ல் திறக்கப்பட்டது. அறந்தாங்கிக்கும் காரைக்குடிக்கும் இடையிலான பாதை சுதந்திரத்துக்குப் பிறகு, 1950-களின் தொடக்கத்தில் வந்தது. மேப்பில் முதல் பாதை இருந்து இரண்டாவது இல்லை என்றால், அந்தத் தகவல் இந்த இரண்டு காலங்களுக்கும் நடுவே உள்ளது. இரண்டுமே இருந்தால் அதற்குப் பிந்தையது. ரயில் பாதையை மட்டும் பிறகு சேர்த்திருக்கவும் கூடும் என்பதை மனதில் வைத்துக் கொள்ளுங்கள்.

இன்னொன்று. இந்த மேப்பில் 'புதுக்கோட்டை மாவட்டம்' என்று தேடாதீர்கள். தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட புதுக்கோட்டை சமஸ்தானம், சுமார் 1,179 சதுர மைல் பரப்புள்ளது, 1948 மார்ச் 3-ல் இந்திய யூனியனுடன் இணைந்து திருச்சி மாவட்டத்தின் பகுதியானது. இன்றைய மாவட்டம் 1974 ஜனவரி 14-ல்தான் உருவானது. அப்போது தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து அறந்தாங்கிப் பகுதியும் வந்து சேர்ந்தது. உங்கள் ஊரின் பழைய ஆவணங்களைத் தேடும்போது இது உதவும். ஆலங்குடி, குளத்தூர், திருமயம் என்ற மூன்று பழைய தாலுகாக்களைச் சேர்ந்த ஊர் என்றால் சமஸ்தானத்துப் பதிவுகளில் பார்க்க வேண்டும். அறந்தாங்கிப் பக்கம் என்றால் தஞ்சாவூர்ப் பதிவுகளில் பார்க்க வேண்டும்.

கூகுள் எர்த்தில் விரிக்கும் முறை

1. கூகுள் எர்த் புரோ புரோகிராமை டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்திடுங்கள். முன்பு இதற்குக் கட்டணம் இருந்தது. 2015 முதல் இலவசம். பிரவுசரில் திறக்கும் கூகுள் எர்த் வேறு. கம்ப்யூட்டரில் பதியும் 'புரோ' பதிப்புதான் இந்தப் பாடத்துக்கு வேண்டும்.

2. டவுன்லோட் செய்த மேப்பை விண்டோஸ் பெயின்ட்டில் திறந்து, சுற்றியுள்ள வெள்ளை ஓரத்தை வெட்டி விடுங்கள். மேப்பின் உள் சட்டக் கோடு வரை மட்டும் இருக்க வேண்டும். வெட்டியதை வேறு பெயரில் சேமியுங்கள். ஒரிஜினல் பைல் அப்படியே இருக்கட்டும். ஓரத்தில் உள்ள குறிப்புகள் பின்னால் தேவைப்படும்.

3. கூகுள் எர்த்தில் 'ஆட்' மெனுவில் 'இமேஜ் ஓவர்லே' என்பதைக் கிளிக் செய்திடுங்கள். கிடைக்கும் விண்டோவில் ஒரு பெயர் கொடுத்து, 'பிரவுஸ்' பட்டன் மூலம் வெட்டிய பைலைத் தேர்ந்தெடுங்கள். படம் மிகப் பெரிது என்று செய்தி வந்தால், அளவைக் குறைக்கச் சம்மதியுங்கள்.

4. அதே விண்டோவில் 'லொகேஷன்' டேபைக் கிளிக் செய்து, வடக்கு 11, தெற்கு 10, கிழக்கு 79.5, மேற்கு 78 என்று கொடுங்கள். மேப் ஏறத்தாழ உரிய இடத்தில் போய் உட்காரும்.

5. 'டிரான்ஸ்பரன்சி' என்ற நகரும் பட்டனைப் பாதிக்குத் தள்ளுங்கள். பழைய மேப்பின் ஊடே இன்றைய வயல்களும் வீடுகளும் தெரியும்.

இதைப் பார்த்ததும் வேலை முடிந்தது என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

நான் செய்த தவறு

எங்கள் ஊர் திருமயம் பக்கம். 2019 கோடையில் ஊர் இளைஞர்கள் கண்மாயைத் தூர்வாரத் தொடங்கினார்கள். கரை இருக்கிறது, மடை இருக்கிறது, கலிங்கு இருக்கிறது. ஆனால் தண்ணீர் கொண்டுவந்த வரத்துவாரி எந்த வழியாக வந்தது என்பதில் ஆளுக்கு ஒரு பேச்சு. நான் பழைய மேப்பை மேலே சொன்ன ஐந்து படிகளில் விரித்துப் பார்த்தேன். கண்மாயில் வந்து விழும் ஓடை நீலக் கோடாகத் தெரிந்தது. உடனே பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

அந்தக் கோடு ஒருவருடைய கடலைக் கொல்லையின் நடுவே போனது. மறுநாளே, அவர்கள் வாரியை மூடிக் கொல்லையாக்கி விட்டார்கள் என்று பேச்சுக் கிளம்பிவிட்டது. சாயங்காலம் அந்த வீட்டுப் பெரியவர் என்னைத் தேடி வந்தார். கோபப்படவில்லை. "எங்க அய்யா காலத்துலயும் இங்க வாரி கெடையாது தம்பி. வா, காட்டுறேன்" என்று அழைத்துக் கொண்டு போனார். கொல்லைக்குக் கிழக்கே இருநூறு அடி தூரம் நடந்திருப்போம். சீமைக்கருவேல் புதருக்குள் பழைய சாலைப் பாலம் ஒன்று இருந்தது. கல் பாலம், உள்ளே முக்கால் பங்கு மண். வாரி வந்தது அதன் வழியாகத்தான்.

வீட்டுக்கு வந்து மேப்பைத் திரும்பப் பார்த்தேன். திருமயம் கோட்டை மலையே என் ஓவர்லேயில் மேற்கே தள்ளி இருந்தது. மலை நகர்ந்திருக்க முடியாது அல்லவா? நகர்ந்தது என் மேப்தான். நகர்த்திச் சரி செய்ததும் நீலக் கோடும் கூடவே நகர்ந்து அந்தப் பாலத்தை ஒட்டி வந்தது. அன்று இரவே பெரியவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டு, கொடுத்த பிரிண்ட்களையும் திரும்ப வாங்கினேன்.

ஏன் விலகுகிறது?

மூன்று காரணங்கள். முதலாவது, பூமியின் வடிவத்துக்கு அன்று வைத்துக் கொண்ட கணக்கு வேறு, இன்றைய சாட்டிலைட் கணக்கு வேறு. இதனால் மட்டுமே நூறு, இருநூறு மீட்டர் வரை வித்தியாசம் வரும். இரண்டாவது, மேப் ஷீட் சரியான செவ்வகம் அல்ல. வடக்கே போகப் போகத் தீர்க்கரேகைகள் நெருங்குவதால் மேல் பக்கம் சற்றுக் குறுகலாக இருக்கும். கூகுள் எர்த் அதைச் செவ்வகமாக எடுத்துக் கொள்வதால் ஓரங்களில் விலகல் கூடும். மூன்றாவது, அளவு. இந்த மேப்பின் அளவு 1:2,50,000. அதாவது மேப்பில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 250 மீட்டர். அரை மில்லிமீட்டர் தடிமன் உள்ள ஒரு கோடே 125 மீட்டர் அகலத்தை மறைத்துவிடும். ஒரு கொல்லை முழுவதும் அதற்குள் அடங்கிப் போகும்.

சரி செய்வது எப்படி?

இடது பக்கப் பட்டியலில் உங்கள் ஓவர்லேயின் பெயர் மீது மவுஸின் வலது பட்டனை அழுத்தி, 'பிராப்பர்ட்டீஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். படத்தின் ஓரங்களிலும் மூலைகளிலும் பச்சைக் கோடுகள் தோன்றும். நடுவில் உள்ள கூட்டல் குறியைப் பிடித்து இழுத்தால் மேப் முழுவதும் நகரும். மூலைகளைப் பிடித்தால் நீளும், சுருங்கும்.

எதை வைத்துப் பொருத்துவது? இடம் மாறாதவற்றை வைத்துப் பொருத்துங்கள். நார்த்தாமலை, குடுமியான்மலை, திருமயம் போன்ற பாறை மலைகள் நல்ல அடையாளங்கள். ரயில் பாதை வெள்ளாற்றைக் கடக்கும் இடம், பழைய கோயில்கள் ஆகியவையும் உதவும். கவிநாடு கண்மாய் போன்ற பெரிய நீர்நிலைகளில் கரையைப் பாருங்கள்; தண்ணீர் விளிம்பை நம்பாதீர்கள், அது பருவத்துக்குப் பருவம் மாறும். சாலைகளையும் நம்ப வேண்டாம். அகலப்படுத்தும்போது வளைவுகளை நேராக்கி இருப்பார்கள்.

உங்கள் ஊரைச் சுற்றி மூன்று திசைகளில் மூன்று அடையாளங்களாவது பொருந்த வேண்டும். ஒன்று பொருந்தினால் போதாது. முழு ஷீட்டையும் ஒரே நேரத்தில் பொருத்த முயலாதீர்கள். உங்கள் ஊர்ப் பகுதி பொருந்தினால் போதும். முடிந்ததும் 'சேவ் பிளேஸ் ஆஸ்' மூலம் கே.எம்.இசட். பைலாகச் சேமித்துக் கொள்ளுங்கள்.

எதையெல்லாம் பார்க்கலாம்?

கண்மாய்ச் சங்கிலி: புதுக்கோட்டை வட்டாரத்தில் ஒரு கண்மாய் நிரம்பினால் கலிங்கு வழியாக அடுத்த கண்மாய்க்குத் தண்ணீர் போகும். மேப்பில் இந்த வரிசையைத் தொடர்ந்து பாருங்கள். இன்றைய படத்தில் எந்த இடத்தில் சங்கிலி அறுந்திருக்கிறது என்று கவனியுங்கள். சின்ன ஊருணிகள் இந்த அளவு மேப்பில் இருக்காது. இல்லாததால் அப்படி ஒன்று இருந்ததே இல்லை என்று முடிவு செய்யக் கூடாது.

ஊர்ப் பெயர்கள்: ஏந்தல், வயல், குளம் என்று முடியும் பெயர்களைக் குறித்துக் கொள்ளுங்கள். 'ஏந்தல்' என்றாலே ஒரு நீர்நிலை. பெயர் இருந்து தண்ணீர் இல்லை என்றால் விசாரிக்க வேண்டிய இடம் அது. ஆங்கில எழுத்துக்கூட்டல் இன்றுபோல இருக்காது. வாய்விட்டு உச்சரித்துப் பார்த்தால் பிடிபடும்.

பாதைகள்: இரண்டு ஊர்களை நேராக இணைத்த வண்டிப் பாதைகள் இன்று வரப்பாகச் சுருங்கி இருக்கலாம்.

மேப்பில் கண்டதைப் புத்தகத்திலும் சரிபாருங்கள். கே.ஆர். வெங்கடராம அய்யர் தொகுத்த 'புதுக்கோட்டை சமஸ்தான மேனுவல்' 1938 முதல் 1944 வரை ஆங்கிலத்தில் வெளிவந்தது. ஊர் ஊராகச் செய்திகள் சொல்லும் நூல். இடைக்கால நிலையைப் பார்க்க, கூகுள் எர்த் புரோவின் மேல் வரிசையில் உள்ள கடிகாரப் படத்தைக் கிளிக் செய்தால் கடந்த ஆண்டுகளின் சாட்டிலைட் படங்கள் வரும்.

கவனிக்க

இந்த மேப் வரலாறு தேட உதவும். நிலத் தகராறுக்குச் சாட்சி ஆகாது. எல்லை, ஆக்கிரமிப்பு போன்ற விஷயங்களுக்கு வருவாய்த் துறையின் கிராம வரைபடம், புல வரைபடம், 'அ' பதிவேடு ஆகியவற்றைத்தான் பார்க்க வேண்டும். புல வரைபடத்தையும் 'அ' பதிவேட்டு விவரத்தையும் தமிழக அரசின் இ-சர்வீசஸ் இணைய தளத்தில் பெறலாம்.

எதையும் பிரிண்ட் எடுத்து ஊரில் கொடுப்பதற்கு முன், அதைக் கையில் வைத்துக் கொண்டு ஒரு முறை நேரில் நடந்து பாருங்கள். ஊரில் வயதான ஒருவரையும் கூட அழைத்துச் செல்லுங்கள். எங்கள் ஊர்ப் பாலத்தில் அடைத்திருந்த மண்ணை அந்தக் கோடையிலேயே அள்ளினோம். முதல் மண்வெட்டியைப் போட்டவர் அந்தக் கடலைக் கொல்லைக்காரப் பெரியவர்தான்.