இசைத்தட்டும் இதயத்துடிப்பும்: நந்தனார் சரித்திரம் தரும் ஒரு பாடம்

இதய அறுவைச் சிகிச்சை முடிந்த மூன்றாம் நாள். வேளச்சேரியில் வசிக்கும், எழுபது வயதைக் கடந்த பெரியவர் ஒருவருக்காக அவருடைய மகள் கைபேசியில் ‘வருகலாமோ’ என்ற கீர்த்தனையை மெல்ல ஒலிக்கவிட்டார். தந்தையின் மனம் அமைதியடையும் என்பது அவர் எண்ணம். ஆனால் திரையில் 76 ஆக இருந்த நாடித்துடிப்பு 90-ஐத் தொட்டது. பெரியவரின் கண்கள் நிறைந்தன. மகள் பதறிப் போய்ப் பாட்டை நிறுத்தினார். பெரியவரோ, “நிறுத்தாதேம்மா” என்று கையசைத்தார். “பாட்டு அப்பாவுக்குக் கெடுதலா, டாக்டர்?” என்று மகள் எங்களைக் கேட்டார். அந்தக் கேள்விக்குச் சற்று விரிவாக விடை தர விழைகிறோம்.

மேலைநாட்டினர் ஓபரா என்று அழைக்கும் இசை நாடகத்துக்கு நம்மிடையே நெருங்கிய உறவுடையது கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரம். தில்லைக் கூத்தனைக் காண ஏங்கும் பண்ணையாள் நந்தன், அவனைத் தடுக்கும் வேதியர் ஆகியோரின் மனநிலைகள் அதில் பாட்டாகவே நிகழ்கின்றன. 1935-இல் கே.பி. சுந்தராம்பாளும், 1942-இல் எம்.எம். தண்டபாணி தேசிகரும் திரையில் நந்தனாராக நடித்துப் பாடினர். இத்தகைய இசைப்பதிவு ஒன்றைக் கேட்கும்போது மூன்று கூறுகள் நம் உடலோடு பேசுகின்றன.

முதலாவது, காலப்பிரமாணம். இத்தாலிய மருத்துவர் லூசியானோ பெர்னார்டியும் அவருடைய குழுவினரும் 2006-இல் 24 பேரிடம் நடத்திய ஆய்வை வெளியிட்டனர். இசை விரைவாக இருந்தபோது மூச்சின் வேகமும் இரத்த அழுத்தமும் இதயத்துடிப்பும் உயர்ந்தன. இசையின் வகையைவிட அதன் வேகமே முதன்மையாக இருந்தது. இடையே விடப்பட்ட இரண்டு நிமிட மௌனத்தில் இவையெல்லாம் நன்கு தணிந்தன என்பது மற்றொரு முடிவு. 2009-இல் இதே குழுவினர் வெர்டியின் ஓபராப் பாடல்களையும் ஆராய்ந்தனர். நம் இரத்த அழுத்தம் ஏறத்தாழப் பத்து விநாடிக்கு ஒருமுறை இயல்பாகவே சற்று ஏறி இறங்குகிறது. வெர்டியின் இசைத்தொடர்களும் ஏறக்குறைய அதே அளவில் அமைந்திருந்தமையால், உடலின் தாளமும் பாட்டின் தாளமும் இசைந்து சென்றன.

இரண்டாவது, சுருதி. ஒரே கீர்த்தனையைத் தாழ்ந்த சுருதியில் கேட்பதும் உச்சக் குரலில் கேட்பதும் ஒன்றல்ல. பழைய இசைத்தட்டுகளில் வேறொரு நுட்பமும் உண்டு. நிமிடத்துக்கு 78 சுற்றுகள் சுழன்ற அந்தத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று மிகுதியாகவே பாட இடம் உண்டு. எனவே நீண்டு விரிய வேண்டிய பாட்டைச் சுருக்க வேண்டியிருந்தது. தட்டு ஆறு விழுக்காடு விரைவாகச் சுழன்றால் வேகம் கூடுவதோடு சுருதியும் ஏறத்தாழ அரைக்கட்டை ஏறிவிடும். ஆகவே, ‘அந்தப் பாட்டு எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை’ என்று முடிவு செய்வதற்கு முன், வேறொரு பதிவைக் கேட்டுப் பார்ப்பது நலம்.

மூன்றாவது, பாவம். ‘வருகலாமோ’ மாஞ்சி இராகத்தில் அமைந்தது. மிஸ்ர சாபு தாளத்தில் தாழ்ந்து நடப்பது. வேகத்தை மட்டும் கருதினால் நாடி தணிந்திருக்க வேண்டும். ஆனால் அப்பாட்டின் பொருள் வேறு. தில்லையின் எல்லை வரை வந்துவிட்ட நந்தன், பிறப்பின் பெயரால் தடுக்கப்பட்டு, உள்ளே வர அனுமதி உண்டா என்று கேட்கும் இடம் அது. எங்கள் பெரியவருக்கு அது தம் தந்தையார் மாலைதோறும் பாடிய பாட்டு. நாடியை உயர்த்தியது அந்த நினைவே. சில நிமிடங்களில் துடிப்பு பழைய நிலைக்குத் திரும்பியது. இரத்த அழுத்தமும் சீராக இருந்தது. அன்றிரவு அவர் நன்கு உறங்கினார். கண்ணீர் எல்லாம் கெடுதல் அன்று என்றே மகளுக்கு விடை கூறினோம்.

குடும்பத்தினர் கடைப்பிடிக்க வேண்டியவை:

1. பாட்டை நோயாளியே தேர்ந்தெடுக்கட்டும். நமக்கு இனிமையானது அவருக்குத் துயரமாக இருக்கலாம்.

2. தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியரின் இசைவைப் பெற்ற பின்னரே ஒலிக்கச் செய்யுங்கள். கருவிகளின் எச்சரிக்கை ஒலியைப் பாட்டு மறைக்கக் கூடாது. இயல்பான பேச்சின் அளவே போதும்.

3. பாட்டு முடிந்ததும் இரண்டு நிமிடம் அமைதியாக இருங்கள். அடுத்த பாட்டு தானாகத் தொடங்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

4. வீட்டில் இரத்த அழுத்தத்தை அளக்கும் முன் ஐந்து நிமிடம் சாய்ந்து அமர்ந்து ஓய்வெடுங்கள். அளக்கும்போது பேச்சும் வேண்டா, பாட்டும் வேண்டா.

5. நோயாளி தலையசைத்து மறுத்தாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே நிறுத்திவிட்டுச் செவிலியரை அழையுங்கள்.

வெர்டியின் ‘லா டிராவியாட்டா’ ஓபராவைக் கேட்ட எலிகளுக்குப் பொருத்தப்பட்ட மாற்று இதயம் கூடுதல் நாட்கள் இயங்கியதாக 2012-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்டனர். அது எலிகளில் கண்ட முடிவு. அதை நம்பி எவரும் மாத்திரையைக் குறைத்துக்கொள்ளக் கூடாது. இசை மருந்துக்குத் துணை, மாற்று அன்று.

இறுதியாக ஒன்று. ‘நாளை போவேன், நாளை போவேன்’ என்று ஏங்கியதால் நந்தனாருக்குத் திருநாளைப்போவார் என்று பெயர் வந்தது. அவரைத் தடுத்தவர்கள் பிறர். மார்பு வலி வந்த பின்னும் ‘நாளை மருத்துவமனைக்குப் போகலாம்’ என்போரைத் தடுப்பவர் எவரும் இல்லை. மார்பில் இறுக்கம், இடக்கையிலோ தாடையிலோ பரவும் வலி, வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவற்றில் எது தோன்றினும் உடனே 108-ஐ அழையுங்கள். பாட்டை நாளை கேட்டுக்கொள்ளலாம்.